நான் "மழை தராது" என்று குறித்த மேகங்கள்

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகக் கூட்டத்தில், என் மச்சான் செத்துப்போன காலையில் எடுத்த மேகப் படம் ஒன்றைப் பெரிய திரையில் காட்டினார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அது ஒருவருடைய சாவுக் காலை என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அது ஒரு நல்ல உதாரணம். திரையின் இடப்பக்கத்தில் பழைய மெஷின் அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னது: மழை இல்லை. வலப்பக்கத்தில், திருத்திய மெஷின் அதே படத்துக்கு இப்போது சொல்வது: விடாத மழை. எங்கள் மேலதிகாரி முப்பத்தைந்து வயதுகூட ஆகாத பெண், நல்லவள். "எவ்வளவு அழகான முன்னேற்றம் பாருங்கள்" என்றாள். திரையில் தெரிந்த சாம்பல் திட்டுக்கு அடியில்தான் எங்கள் லயம் இருந்தது, பூனாகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள், வரிசையாகப் பத்துக் காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். அது இலங்கை என்றாவது அவளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம், ஏனென்றால் படத்துக்குக் கீழே ஓர் இலக்கம்தான் போட்டிருந்தார்கள். நேரத்தையும் நாளையும் பார்த்து நானாகக் கண்டுபிடித்தேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் நிறுவனத்தில் அதற்குக் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது, சாப்பிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மச்சானுடைய முதல் திதி. இடையில் இருந்த மூன்று நாளும் எனக்கு ஒரே யோசனைதான். ஒரு வருடமாக மறைத்து வைத்திருந்ததை அவர் மனைவியான என் அக்காவிடம் சொல்லிவிடுவதா, இப்படியே மழுப்பிக்கொண்டு காலத்தை ஓட்டுவதா? ஊரில் இதைப் படிக்கப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

2

கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. டொராண்டோவுக்கு வெளியே இருக்கிறேன். இங்கே இலங்கையின் வடக்கிலிருந்து வந்த தமிழர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் வாயைத் திறந்ததும், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். பதுளை என்று சொன்னால், "ஓ, தோட்டப் பக்கமோ" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பாட்டன் காலத்தில் நாங்கள் எந்த நாட்டு ஆட்கள் என்று இந்தியாவும் இலங்கையும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. இவ்வளவு தூரம் வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் பண்டகசாலையில் பெட்டி தூக்கினேன். முதுகு போனபிறகு ஒரு தெரிந்தவர் மூலமாக இந்த வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், மேகம் பார்க்கிற வேலை.

வானத்தில் சுற்றுகிற செய்மதிகள் சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேகங்களைப் படம் எடுத்து அனுப்புகின்றன. கடைசி சில மணித்தியாலத்துப் படங்களை வரிசையாகப் பார்த்து, அடுத்த சில மணித்தியாலத்தில் எங்கே மழை பெய்யும் என்று செயற்கை நுண்ணறிவு மெஷின் சொல்கிறது. சும்மா சொல்லாது, அதற்குப் பழக்க வேண்டும். ரேடார் உள்ள நாடுகளில் ரேடாரே பழக்கிவிடும். ரேடார் தகவல் எங்கள் நிறுவனத்துக்குக் கிடைக்காத இடங்களுக்கு, என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு மேகத்தையும் சுற்றிக் கட்டம் போட்டு, "மழை தரும்", "மழை தராது" என்று குறிப்போம். இலட்சக்கணக்கில் குறிப்போம். அதைப் பார்த்துத்தான் மெஷின் படிக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே எங்கள் மலைகள் என் திரைக்கு வந்துவிட்டன. எல்ல, பண்டாரவளை, ஹாலிஎல எல்லாம் ஓர் உள்ளங்கை அளவுக்குள். கிழக்குச் சரிவில் தாழ்வாக, மலையோடு ஒட்டிக்கொண்டு சாம்பல் மேகம். அது என்னவென்று எனக்குத் தெரியாதா? கார்த்திகை மார்கழியில் மூட்டமாக இறங்கி, இடி மின்னல் எதுவும் இல்லாமல், நாள் முழுக்க அடம்பிடித்துக்கொண்டு பெய்கிற மழை. எங்கள் ஆட்கள் அதை "நின்னு பேயிற மழ" என்பார்கள். "மழை தரும்" என்று குறித்தேன்.

மறுநாள் என் குறிகள் எல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்தன. நிறுவனத்தின் விதிப் புத்தகம் வேறு சொல்கிறது. மேகத்தின் உச்சி உயரமாகவும் குளிராகவும் இருந்தால்தான் மழை. தாழ்வான மேகத்தின் உச்சி சூடானது, அது வெறும் மூட்டம். அப்போதிருந்த மேற்பார்வையாளர் தன்மையான மனிதர், காரணம் எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த மழைக்குப் பெயர் இல்லை. "ஸ்டாண்டிங் ரெயின்" என்று போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மழை எப்படி நிற்கும்?" என்று கேட்டார். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எழுதியதை அழித்தேன்.

அதற்குப் பிறகு வேலைத் தரத்துக்குக் கொடுக்கிற என் புள்ளிகள் ஏறின. ஏனென்றால் விதிப்படி குறித்தேன். எங்கள் மலைகளில் அந்தச் சாம்பல் மேகம் வந்தபோதெல்லாம், நனைந்து நனைந்து கை வெளுத்துக் கொழுந்து எடுத்த ஆட்களின் மகனான நான், "மழை தராது" என்று குறித்தேன். ஒரு தடவை அல்ல, இரண்டு வருடம். நல்ல வேலைக்காரன் என்று சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

3

மெஷின் படித்து முடித்து வெளியே வந்தபோது, அதை என் போனில் பார்க்கும் வசதி கிடைத்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பதுபோல, நான்தான் முதலில் ஊருக்குச் சொன்னேன். அது சித்திரை மாதம். அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். அந்த மேகம் மலை உயரத்துக்கு எழும்பி நிற்கும். மெஷினுக்கு அதைக் கண்டுபிடிப்பது கைவந்த கலை. "இன்னைக்கு ரெண்டு மணிக்கு மேல அடிக்கும்" என்று அக்காவுக்குச் சொல்வேன். ரெண்டேகாலுக்கு அடிக்கும்.

அக்கா ராசம்மா என்னைவிட ஆறு வயது மூத்தவள், இன்றும் கொழுந்து எடுக்கிறாள். அவள் பெரட்டுக்குப் போய், ஆட்கள் கூடி நிற்கிற இடத்தில் இதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரத்தில் விஷயம் பரவிவிட்டது. எனக்குக் குரல் செய்திகள் வரத் தொடங்கின. "அண்ணே, இன்னைக்கு நனையாமப் போத்திக்கப் படங்கு எடுத்துக்கிட்டுப் போகவா?" "தம்பி, கோயில் கொடியேத்தம் வச்சிருக்கோம், மழ காட்டுதான்னு பாரு." எல்லோரையும் வேலை வாங்குகிற கங்காணியே ஒரு நாள் கேட்டார். ஊரில் இருந்தவரை என் முகம் தெரியாத ஆட்கள்கூட "சார்" என்றார்கள்.

மச்சான் முத்துவேலுக்கு இதில் என்னைவிடப் பெருமை. "வருண பகவானுக்கே கங்காணி எங்க மாப்ள" என்று கடைவீதியில் சொல்லித் திரிவாராம். நானும் மிதப்பில்தான் இருந்தேன். இங்கே ஒரு மனிதனும் என்னிடம் வழிகூடக் கேட்பதில்லை. அங்கே ஒரு தோட்டமே என்னைக் கேட்டுத்தான் படங்கை எடுக்கிறது என்றால் யாருக்குத் தலை சுற்றாது? கார்த்திகை வரும், வேறு மேகம் வரும் என்ற நினைப்பு உள்ளே இருந்தது. அதை நான் எழுப்பவில்லை.

4

எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலை ஆபத்தானது என்று அதிகாரிகள் பல வருடத்துக்கு முன்பே வந்து பார்த்து, சுவரில் காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று அந்தக் காகிதத்தில் இல்லை. அதனால் பெரிய மழை வந்தால் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துப் பாடசாலைக்குப் போவார்கள், விட்டதும் திரும்பி வருவார்கள். ஆள் போகலாம், மாடு போக முடியாது. வகுப்பறையில் மாட்டைக் கட்ட அதிபர் விடமாட்டார். ஆகவே ஒவ்வொரு காலையும் யாராவது ஒருவர் மேலே ஏறிப் பால் பீச்சி, புல் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். அது எங்கள் தோட்டத்து டிவிசனில் எல்லோரும் செய்வதுதான்.

போன வருடம் அப்படிப் பாடசாலையில் இருந்த மூன்றாவது நாள். அங்கே காலை ஆறரை, இங்கே முந்தைய நாள் மாலை எட்டு மணி. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, மழ விட்டிருச்சுடா. மூட்டமாத்தான் இருக்கு. நேத்து பகல்லேருந்து மாட்டுக்கு ஒண்ணும் போடல, கத்திக்கிட்டு கெடக்கு. கிராம சேவகரு யாரும் மேல போகக் கூடாதுங்குறாரு. மச்சான் ஒன்னையக் கேட்டுட்டுப் போறேங்குறாரு."

போனை எடுத்துப் பார்த்தேன். அடுத்த நாலு மணித்தியாலத்துக்கு மழை இல்லை என்று பச்சையாகக் காட்டியது. படத்தையும் பார்த்தேன். கிழக்குச் சரிவில், தாழ்வாக, மலையோடு ஒட்டிக்கொண்டு அதே சாம்பல் மேகம் நின்றது.

"நாலு மணித்தியாலத்துக்கு மழ இல்லன்னு காட்டுதுக்கா."

"அது காட்டுறது இருக்கட்டும். ஒனக்கு என்னா தோணுது?"

இந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் என் காதில் கேட்கிறது. எனக்குத் தோன்றியது அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும், அதனால்தான் கேட்டாள். அது மழை மேகம் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், ஆறேழு மாதமாக நான் கட்டிக்காத்த மெஷின் பொய் சொல்கிறது என்று ஆகிவிடும். என் மதிப்பும் அதோடு போகும்.

"எனக்குத் தோணுறதெல்லாம் எதுக்குக்கா? அது சரியாத்தான் சொல்லும்."

மச்சான் போனை வாங்கினார். "அப்ப சரி மாப்ள. பால பீச்சிட்டு ஒரு மணித்தியாலத்துல எறங்கிர்றேன்" என்றார். கிராம சேவகர் தடுத்தபோது, "கனடாவுல இருந்து மழ இல்லன்னு சொல்லிட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு ஏறினாராம்.

அரை மணித்தியாலத்தில் மழை பிடித்தது. இடி இல்லை, காற்று இல்லை, நின்று பெய்தது. ஏற்கெனவே ஊறிப்போயிருந்த மண் லயத்தின் கடைசி நாலு காம்பராவையும் கட்டுத்தறியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. மாடு தப்பிவிட்டது. மச்சானை இரண்டாம் நாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

5

காரியம் முடிந்த அன்று அக்கா போனில் கேட்டாள்: "அது ஏன்டா பொய் சொல்லிச்சு?"

"அதுக்கு யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்கக்கா" என்றேன்.

யாரோ! இவ்வளவு சுலபமாக அந்தச் சொல் என் வாயில் வந்தது. அக்கா நம்பினாள். நான் அங்கே மெஷின் சொல்வதைப் படிக்கிறவன் என்றுதான் அவளுக்குத் தெரியும். லயத்தில் யாராவது என்னைக் குறை சொன்னால், "எந்தம்பி என்னா செய்வான், மெஷினு சொன்னதச் சொன்னான்" என்று சண்டைக்குப் போவாளாம். அக்காவின் மகள் கவிதா இதை எனக்குச் சொன்னபோது நான் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

அலுவலகத்தில் ஒரு முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது. நிரப்பினேன். "தவறின் வகை" என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: நேரம் பிழை, இடம் பிழை, மழை தவறவிடப்பட்டது. மூன்றாவதில் குறி போட்டேன். ஆள் செத்தார் என்று எழுத அதில் இடம் இல்லை. ஒரு வாரத்தில் பதில் வந்தது: உயிர்ப் பாதுகாப்புக்கான முடிவுகளுக்கு எங்கள் சேவையைப் பயன்படுத்த வேண்டாம் என்று நிபந்தனைகளில் உள்ளது, தெரிவித்ததற்கு நன்றி. அங்கே கவிதா மரணப் பதிவுக்கு நாலு தடவை பதுளைக்கு அலைந்தாள். இருந்த காம்பராவே இல்லாமல் போனதால், வீட்டு முகவரியை உறுதிப்படுத்தச் சொல்லித் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். கொடுத்த கடிதம் சிங்களத்தில் இருந்தது. அதை வாசிக்கவும் அவள் பண்டாரவளையில் வேலை செய்கிற கடையின் முதலாளிதான் உதவினார். காகிதத்தை வைத்துக்கொண்டு ஆளை அலையவிடுவதில் இரண்டு நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைசியில் என் மகள் அனுவிடம் போனேன். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படிக்கிறாள். தமிழ் விளங்கும், பேசுவது குறைவு. என் ஆங்கிலத்தை அவளிடம் காட்ட எனக்கு எப்போதும் வெட்கம். சின்ன வயதில் என் கடிதம் ஒன்றைத் திருத்திக்கொண்டே அவள் சிரித்த நாளிலிருந்து எதையும் காட்டுவதில்லை. அன்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு மூன்றே வரி எழுதித் தந்தாள். தாழ்வான, சூடான உச்சி உள்ள மேகங்களும் மலையில் மோதும்போது பலத்த மழை தரும் என்று தொடங்கியது. அனுப்பினேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். விதிப் புத்தகத்தை மாற்றினார்கள், பழைய குறிகளைத் திருத்தினார்கள், அதுதான் செவ்வாய்க்கிழமை நான் கேக் சாப்பிட்ட முன்னேற்றம்.

அந்த மூன்று வரியை அவளிடம் முன்பே கேட்டிருந்தால் மச்சான் இருந்திருப்பார். பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

அனு எனக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தாள். "அப்பா, மூணு நாள் ஊறின மண். மழை வராட்டியும் சரிஞ்சிருக்கலாம். உங்கட குறி இலட்சத்துல ஒண்ணு" என்றாள். அவள் தமிழில்கூட இப்போது இங்கே இருக்கிற வடக்கு ஆட்களின் தமிழ்தான் பாதி. முத்துவேல் மாமா என்று ஒரு தடவையும் சொல்லவில்லை, "அந்த கேஸ்" என்றாள். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அவரை அவள் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

6

திதி அன்று அங்கே மாலை ஐந்தரை, இங்கே சனிக்கிழமை காலை ஏழு மணி. கவிதா வீடியோவில் கூப்பிட்டாள். காலையில் ஐயர் வந்து எல்லாம் முடிந்துவிட்டதாம். அக்கா சரிவுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாளாம். கட்டுத்தறி இருந்த இடத்தில் இப்போது மன்னாப்புல் முளைத்திருந்தது. அக்கா இளைத்திருந்தாள். ஒரு வருடமாகப் பாடசாலைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டிலில் இருக்கிறாள்.

"தம்பி இருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்கேங்க்கா."

"பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளினாள். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. வயிறெரிந்தவர்கள் எங்கள் பக்கம் மண்ணை வாரித் தூற்றுவார்கள். மூன்று தடவை தூற்றினால் பலிக்காமல் போகாது என்பார்கள். ஆண்களே அதற்குப் பயப்படுவார்கள்.

"எந்தாலிய அறுத்த அந்த மெஷினு மண்ணாப் போக!" என்று தூற்றினாள். காற்று கவிதா பக்கம் அடித்தது, திரை ஒரு நிமிடம் மங்கியது.

இரண்டாவது பிடியை அள்ளினாள். "அதுக்குப் பொய்யச் சொல்லிக் குடுத்தவன் எவனோ, எங்க இருக்கானோ, அவனும் அவன் குடும்பமும் மண்ணாப் போக!"

கவிதா அழுதுகொண்டிருந்தாள். அக்கா மூன்றாவது பிடிக்குக் குனிந்தாள். என் பின்னால் அனு கோப்பி போட்டுக்கொண்டிருந்தாள், கோப்பையில் கரண்டி சுற்றுகிற சத்தம் கேட்டது. சொல்லாமல் இருந்தால் அந்த நிமிடம் கடந்துபோயிருக்கும். அக்கா என்னோடு எப்போதும்போலப் பேசியிருப்பாள், அடுத்த வாரம் கூப்பிட்டு முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பாள். யாரோ ஒருவன் மேல் அந்தச் சாபம் கிடந்திருக்கும்.

"அக்கா, சொல்லிக் குடுத்தவன் நாந்தான்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். கை மூடியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சாம்பல் மேகத்தை இரண்டு வருடம் நானே மழை தராது என்று குறித்ததையும், வேலைக்காகக் குறித்ததையும், அன்றைக்குக் காலை என் கண்ணுக்கு மழை தெரிந்ததையும் சொன்னேன்.

"அப்ப, ஒனக்கு என்னா தோணுதுன்னு நான் கேட்டப்ப, ஒனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்க்கா."

கவிதா, "அம்மா, போதும், வாங்க போவோம்" என்று கையைப் பிடித்தாள். அக்கா கையை உதறினாள். போனுக்கு நேராக வந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூன்றாவது பிடியையும் தூற்றினாள்.